வெளியே வந்த நேரம்

ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்தது.
யாரும் தூங்கப் போகவில்லை.
சியூ பெங்கின் பழைய கஞ்சில் கார்,
சருகுமானின் பெயரை வைத்துக்கொண்டு
பாலிக் பூலாவ் வளைவுகளில்
முனகி முனகி ஏறியது.
பின்சீட்டில் சுலோச்சனா.
மடியில் சூடாய் மூன்று பொட்டலம் நாசி லெமாக்.

பாயான் லெப்பாஸில் நாங்கள்
தூசியை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவர்கள்.
ஒரு கன அடிக் காற்றில் எத்தனை துகள் என்று
சுவரில் ஒரு திரை சொல்லிக்கொண்டே இருக்கும்.
எண் கொஞ்சம் கூடினால்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் எழுந்து நிற்பார்.
வெள்ளை அங்கி, முக்காடு, முகமூடி, இரட்டைக் கையுறை.
கண்கள் மட்டும் வெளியே.
சாப்பாட்டு நேரமும் ஆளுக்கொன்று.
சுலோச்சனாவுக்கு இடது கன்னத்தில் மச்சம் இருப்பதை
நான்கு மாதம் கழித்து
இன்று கார் நிறுத்துமிடத்தில்தான் பார்த்தேன்.
வேறு யாரோ என்று நினைத்து
முதலில் கடந்து போய்விட்டேன்.

தெலுக் பஹாங்கில்
ஹஸ்னூல் என்ற வனக்காவலர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.
பெயர், கைப்பேசி எண், போகுமிடம்,
உள்ளே போன நேரம்.
கடைசிக் கட்டத்தை விரலால் தட்டி,
'வெளியே வந்த நேரம். மறந்துடாதீங்க, காக்கா' என்றார்.

தொங்கு பாலம் தாண்டிப் பாதை இறங்கிய இடத்தில்
கருங்கல் மலை இரண்டாகப் பிளந்திருந்தது.
நடுவில் ஓடை.
மேலே வானம் ஒரு சேலைக்கரை அகலம்.
சுவரெல்லாம் கசிவு, பாசி, காது காதாய்க் காளான்.
எங்கிருந்தோ ஓர் ஈசல் சிறகு
உடம்பில்லாமல் இறங்கி வந்தது.
'இங்கே எத்தனை துகள் இருக்கும்?'
சியூ பெங் கேட்டாள்.
வெயில் விழுந்த ஒரே இடத்தில்
மூவரும் எண்ணத் தொடங்கினோம், உண்மையாகவே,
பழக்க தோஷம்.
நாற்பதைத் தாண்டுவதற்குள்
சுலோச்சனாவின் கணுக்காலில் அட்டை.
அவள் கத்தவில்லை.
'ஓவர்டைம் பார்க்குது' என்றாள்.

சாப்பிட்டதும் பாறையில் சாய்ந்தோம்.
நான் விழித்திருக்கிறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது.
பிறகு நினைவில்லை.

கண் திறந்தபோது
எதிர்ச்சுவரில் தொங்கிய கிளையில்
சாம்பல் குரங்கு ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்.
அதன் வயிற்றைப் பற்றிக்கொண்டு
பழுத்த பலாச்சுளை நிறத்தில் ஒரு குட்டி.
முகமெல்லாம் இருட்டு. பார்வை மட்டும் வெளியே.

எங்கள் அறைக்குள் பேச முடியாது.
ஒருமுறை இமைத்தால் தட்டு நிரம்பிவிட்டது.
இரண்டு முறை இமைத்தால்
கொஞ்ச நேரம் என் இடத்தில் நில்லேன்.
நான் இரண்டு முறை இமைத்தேன்.

அது யோசித்த மாதிரிதான் இருந்தது.
பிறகு ஓர் இளந்தளிரைக் கிள்ளி
வாயில் போட்டுக்கொண்டு
மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

திரும்பும் வழியில் மழை.
அலுவலகத்தைத் தலையில் பையோடு ஓடிக் கடந்தோம்.

திரைச்சீலை இழுத்த அறை.
நல்ல தூக்கத்தில் ஃபோன் அடித்தது.
மணி ஐந்தரை.
கேட்டை மூட வேண்டும் என்றார் ஹஸ்னூல்.
மூன்று பேர் கணக்கில் நிற்கிறார்களாம்.
'காக்கா, நீங்க இன்னும் காட்டுக்குள்ளதான் இருக்கீங்களா?'

நகக்கண்ணில் கறுப்பாய்க் கொஞ்சம் மண்.
ராத்திரி கையுறைக்கு முன்
மூன்று முறை தேய்த்துக் கழுவ வேண்டும்.
ஏர் ஷவரில் கைதூக்கிச் சுற்ற வேண்டும்.

'ஹலோ? காக்கா?'

கொஞ்சம் இருங்கள் என்றேன்,
பார்த்துச் சொல்கிறேன்.